இந்தத் தராசு நமக்காக

(சின்னக்கானலில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மகளிர் கூட்டத்தில், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த பெண்களின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை.)



மேடையில் நிற்பது ஒருத்தி. பேச்சு எங்கள் ஆறு பேருடையது. நாங்கள் ஆறு பேரும் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை செய்து, கீமோ ஏற்றி, கதிர்ச் சிகிச்சையும் முடித்துத் திரும்பியவர்கள். சிலர் தேனி, மதுரை என்று மலை இறங்கினோம். சிலர் கோட்டயம், திருவனந்தபுரம் என்று போனோம். ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே நோயை அனுபவித்திருக்கிறோம். அடுத்த லயத்தில் இருந்தவளுக்கும் அதே நோய் என்பது மருத்துவமனை வராந்தாவில் பார்த்தபோதுதான் எங்களில் இருவருக்குத் தெரிந்தது. பெயரைச் சொல்லவே கூசியிருந்தோம். அந்தக் கூச்சத்தைக் கடந்துதான் இன்று இங்கே நிற்கிறோம்.

இன்று நாங்கள் பேச வந்தது நோயைப் பற்றி அல்ல. நோய் போன பிறகு வந்த எடையைப் பற்றி.

இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பீர்கள். அரை வயிற்றுக் கஞ்சி குடித்து வளர்ந்த கூட்டத்தில் எடை குறைப்பது ஒரு பிரச்சினையா, அது பணக்காரர் வீட்டுப் பேச்சு அல்லவா என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சிகிச்சைக்குப் போகும்போது எலும்பும் தோலுமாக இருந்தவளைப் பார்த்து அழுத நீங்கள், ஆறு மாதம் கழித்து அவள் கன்னம் உப்பி வந்து நின்றபோது மகிழ்ந்தீர்கள். “நல்லாத் தேறிட்டியே, கண்ணு பட்டுடப் போகுது” என்று நெட்டி முறித்தீர்கள். ஆட்டுக்கால் சூப்பும் ஹார்லிக்ஸும் நெய்ச்சோறும் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அந்த அன்பை நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால் அந்தச் சதை எல்லாம் தேறிய சதை அல்ல. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

எடை எப்படி ஏறுகிறது?

வாந்தியைத் தடுக்கவும் ஒவ்வாமை வராமல் இருக்கவும் கீமோவோடு ஸ்டீராய்டு மருந்து தருகிறார்கள். அது பசியைக் கிளப்புகிறது. கீமோ உடம்பை அடித்துப் போடுகிறது. நாள் முழுக்க மலைச் சரிவில் ஏறி இறங்கியவள் மாதக்கணக்கில் கட்டிலில் கிடக்கிறாள். தசை கரைகிறது, அந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது. நாற்பது வயதுக்காரிக்கும் மாதவிடாய் நின்றுபோகிறது. ஐம்பதில் வரவேண்டிய மாற்றம் நான்கு மாதத்தில் வந்து, இடுப்பிலும் வயிற்றிலும் இறங்குகிறது. இவற்றோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. இரவில் தூக்கம் வராதபோது கை அடுக்களைக்குப் போவது எங்கள் ஆறு பேருக்கும் தெரியும்.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறோம். இது பெருந்தீனியின் விளைவு அல்ல, சோம்பேறித்தனத்தின் விளைவும் அல்ல. எங்களில் ஒருத்தி இரண்டு வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். காரணம் தெரிந்த பிறகுதான் திட்டுவதை விட்டு நடக்க ஆரம்பித்தாள்.

இன்னொன்று. தமோக்சிஃபென் மாத்திரைதான் உடம்பை ஊத வைக்கிறது என்று பலர் அதன்மேல் பழி போடுகிறோம். மாத்திரை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் எடையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எடைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம், பத்து என்றால் பத்து. மருத்துவர் சொல்லும்வரை விழுங்குங்கள். நோய் திரும்புவதை அது தடுக்கிறது என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட செய்தி.

எடையை ஏன் இறக்க வேண்டும்?

அழகுக்காக அல்ல. உடற்பருமன் உள்ள பெண்களுக்கு இந்த நோய் திரும்பி வருவது கூடுதலாகக் காணப்படுகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி வருகின்றன. கை வீக்கமும் பருத்த உடம்பில்தான் அதிகம். எடையை இறக்கினால் நோய் திரும்பவே திரும்பாது என்று யாரும் உறுதிமொழி தர முடியாது. ஆனால் முழங்கால் தாங்கும், மூச்சு வாங்காது, சர்க்கரை கட்டுப்படும், மறுபடியும் வேலைக்குப் போக முடியும். தோட்ட வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்ற பயத்தோடு வாழும் நமக்கு இது சின்ன விஷயமா?

ஒரு கணக்கு சொல்கிறோம். இந்தியர்களுக்கென்று மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுப்படி, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 52 கிலோவுக்கு மேல் போனால் அதிக எடை, 56 கிலோவுக்கு மேல் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் மலைத்துப் போகாதீர்கள். 70 கிலோ இருப்பவள் மூன்றரைக் கிலோ இறக்கினாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் பலன் தெரியத் தொடங்கும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்களும், எடை குறைந்து போனவர்களும் இதில் இறங்கக் கூடாது. முயற்சி செய்யாமலே எடை தானாகக் குறைந்தால் மகிழ வேண்டாம், மருத்துவரிடம் ஓடுங்கள். பட்டினி கிடக்காதீர்கள், பட்டினியில் கரைவது ஏற்கனவே மெலிந்த தசைதான். உடம்பு இளைக்க என்று விற்கும் பொடிகளையும் லேகியங்களையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

தோட்ட வேலையே உடற்பயிற்சிதானே?

ஆண்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நாள் பூராவும் கொழுந்து கிள்ளுகிறவளுக்குத் தனியாக நடை எதற்கு என்கிறார்கள். சிகிச்சை முடிந்தவுடன் கொழுந்துச் சாக்கைத் தோளில் தூக்குவதும் பயிற்சியும் ஒன்றல்ல. பயிற்சியில் சுமையை நாம் தீர்மானிக்கிறோம். சிறியதில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறோம், வலித்தால் நிறுத்துகிறோம். வேலையில் சுமையைத் தீர்மானிப்பது தோட்டம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த கைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

அந்தக் கையை அசைக்கவே கூடாது என்று நம்மைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். கனடா நாட்டின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர் 1996இல் அதைச் சோதித்துப் பார்த்தார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நீண்ட படகில் ஒன்றாக உட்காரவைத்துத் துடுப்பு வலிக்கச் சொன்னார். ஒருத்திக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன. 2009இல் அமெரிக்காவில் கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வும், மெதுவாகக் கூட்டிச் செய்த எடைப் பயிற்சி வீக்கத்தை அதிகப்படுத்தவில்லை என்று காட்டியது. நமக்கு ஆனையிறங்கல் அணை பக்கத்தில் இருந்தாலும் படகு கிடையாது. தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில் போதும். மருத்துவரைக் கேட்டுவிட்டு அதைத் தூக்கி இறக்குகிறோம்.

சோறும் யானையும்

வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்கிறார்கள். அதாவது நாளுக்கு அரை மணி, ஐந்து நாள். பட்டணத்தில் இது சுலபமான அறிவுரை. சின்னக்கானலில் விடிகாலையில் நடந்தால் என்ன எதிரே வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிசிக்காக ரேசன் கடையை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. அவற்றின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவற்றின் வழியில் நாம் குடியிருக்கிறோம். ஆகவே வெயில் ஏறிய பிறகு, நாலு பேருக்குக் குறையாமல், யானை நடமாட்டத்தை விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். மூடுபனி இறங்கினால் நடை கிடையாது. அன்று லயத்து வாசலிலேயே படியேறி இறங்குகிறோம்.

அரிக்கொம்பனுக்கு மட்டுமா அரிசி மேல் ஆசை? நமக்கும் மூன்று வேளையும் அதுதான். மலிவாகக் கிடைப்பது அது. வயிறு நிரம்புவதும் அதனால்தான். அரிசியை விடச் சொல்லவில்லை. தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும். கால் பங்கு பயறு, முட்டை, மத்தி மீன் ஏதாவது ஒன்று. மீதிக் கால் பங்குதான் சோறு. தேனிப் பக்கத்து உறவினர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எங்களைப் பார்க்க வரும்போது இனி பிஸ்கட்டும் மிக்சரும் வேண்டாம், கேப்பை மாவும் தட்டப்பயறும் மொச்சையும் கொண்டு வாருங்கள்.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். நாம் பறித்த இலை. நாம் குடிக்காமல் யார் குடிப்பது? ஆனால் நாளுக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஆகிறது. எங்களில் இருவர் அதை அரைக் கரண்டியாக்கினார்கள். முதல் பத்து நாள் கசந்தது. பிறகு நாக்கு பழகிவிட்டது.

நாங்கள் செய்வது என்ன?

வாரம் ஒருநாள், ஒருத்தி வீட்டில் கூடுகிறோம். கேரளத்தில் 1998 முதல் நடக்கும் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களில் நாம் வாரந்தோறும் கூடிப் பழகியவர்கள்தானே? அங்கே சேமிப்பு நோட்டு, இங்கே எடை நோட்டு. தராசும் நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு நாளும் கொழுந்தை நிறுத்துக் காட்டி, எத்தனை கிலோ என்று கணக்குப்பிள்ளை வாயைப் பார்த்து நின்றவர்கள் நாம். அந்தத் தராசு தோட்டத்துக்காக நிறுக்கிறது. இந்தத் தராசு நமக்காக நிறுக்கிறது. ஆகவே இங்கே மேஸ்திரி கிடையாது. எண்ணை உரக்கப் படிக்க மாட்டோம். ஏறினவளைக் கேலி செய்ய மாட்டோம். தன் எண்ணைத் தானே எழுதிக்கொள்ளலாம். எழுதப் பிடிக்காத வாரம் சும்மா வந்து உட்காரலாம்.

வராதவள் வீட்டுக்கு மறுநாள் இருவர் போக வேண்டும் என்பது ஒன்றுதான் எங்கள் விதி. எங்களில் ஒருத்தி மூன்று வாரம் வரவில்லை. எடை ஏறிவிட்ட வெட்கம் என்று நினைத்துப் போனோம். போனால், பரிசோதனைக்குப் போகும் தேதி தாண்டியும் போகாமல், பயந்து கதவடைத்துக் கிடந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். முடிவு நல்லபடியாக வந்தது. அன்றுதான் எங்களுக்கே விளங்கியது. நாங்கள் கூடுவது கிலோவுக்காக மட்டுமல்ல. தனியாகப் பயப்படாமல் இருப்பதற்காகவும்தான்.

எல்லாம் வெற்றி என்று பொய் சொல்ல மாட்டோம். ஆறு பேரில் நாலு பேருக்கு எடை இறங்கியிருக்கிறது. ஒருத்திக்கு அப்படியே நிற்கிறது. ஒருத்திக்கு இறங்கி மறுபடி ஏறிவிட்டது. ஆனால் ஆறு பேரும் இப்போது மூச்சு வாங்காமல் மேட்டு லயம் வரை ஏறுகிறோம்.

கேட்டுப் பெற வேண்டியவை

ஒற்றுமையால் மட்டும் பயறு வேகாது. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்ததை நாம் மறக்கவில்லை. பெம்பிளை ஒருமை என்ற அந்தப் போராட்டம் 20 சதவீத போனஸ் பெற்றது. அடுத்த மாதம் 232 ரூபாய் நாள்கூலி 301 ஆயிற்று. கேட்டால் கிடைக்கும் என்று காட்டியவர்கள் நம் பெண்கள்தான். நாங்கள் கேட்பவை இவை:

சிகிச்சை முடித்த பெண்ணுக்கு, கை தேறும்வரை சுமையில்லாத வேலை. அதற்குக் கூலி குறையக் கூடாது. கொழுந்துக் கணக்கிலிருந்து அவளுக்கு விலக்கு.

தோட்ட மருந்தகத்தில் ஆள் நிறுக்கும் தராசு, இரத்த அழுத்தக் கருவி, சர்க்கரைப் பரிசோதனை.

ரேசனில் அரிசியோடு பயறும் கேப்பையும்.

லயத்துப் பாதைக்கு விளக்கும், யானை வரும் செய்தி நேரத்தோடு கிடைக்க ஏற்பாடும்.

மருத்துவமனையில் தரும் குறிப்புகள் நமக்குப் புரியும் தமிழில்.

சங்கத்துத் தோழர்களே, அடுத்த பேச்சுவார்த்தையில் கூலியோடு இவற்றையும் மேசையில் வையுங்கள். பெண்கள் விஷயம் என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். கொழுந்து கிள்ளும் கைகளில் பெரும்பாலானவை எங்கள் கைகள்.

கடைசியாக, இந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் சகோதரிக்கு. உனக்கும் இந்தச் சிகிச்சை நடந்திருக்கலாம். சேலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, யாருக்கும் தெரியக் கூடாது என்று பின்வரிசையில் நீ உட்கார்ந்திருக்கலாம். இன்று ஒன்றும் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, கடைத்தெரு முக்கில் நாங்கள் ஆறு பேர் நிற்போம். வந்து சேர்ந்துகொள். ஏழு பேராக நடப்போம்.