கும்பகோணம்: நிலமும் மழையும் மக்களும்

கும்பகோணம் என்ற பெயரைக் கேட்டவுடன் மாணவ நண்பர்களாகிய உங்களுள் பலருக்கு டிகிரி காப்பி நினைவுக்கு வரக்கூடும். உங்கள் பாட்டனார் காலத்தவருக்கோ வேறொரு டிகிரிதான் நினைவுக்கு வந்தது. 1854ஆம் ஆண்டில் தோன்றிய அரசினர் கல்லூரியில் பெறும் பட்டமே அது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்த கல்லூரி அது. கணித மேதை இராமானுஜன் 1904இல் சேர்ந்து, கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் உதவித்தொகையை இழந்து வெளியேறியதும் அங்கேதான். இத்தகைய பெருமைகளால் அவ்வூரைத் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று அழைப்பது வழக்கமாயிற்று.

நானும் அக்கல்லூரியில் பயின்றவன். எங்கள் ஊரைக் கேம்பிரிட்ஜ் என்று சொல்வதைக் கேட்டுப் பலமுறை பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. இன்று உங்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். ஓர் ஊரின் நில அமைப்பு, தட்பவெப்பம், மக்கள் தொகை என்று புவியியல் நூலில் மூன்று தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறோம். உண்மையில் அவை மூன்றும் ஒரே பாடம் என்பதைக் கும்பகோணம் நமக்குக் காட்டும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஊருக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டு ஆறுகளுக்கு இடையே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் ஒரு குன்று கிடையாது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரோ சுமார் 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்திற்கு நிலம் அரை மீட்டர்கூடத் தாழ்வதில்லை. ஒரு தாம்பாளத்தைக் கையில் ஏந்திச் சிறிதே சாய்த்தாற்போன்ற பூமி என்று சொல்லலாம். இந்தச் சிறு சரிவை நம்பித்தான் காவிரி வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயல்தோறும் செல்கிறது.

காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் நெல்லுக்கு மட்டும் உதவவில்லை. வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் அதுவே ஆதாரம். அருகிலுள்ள சுவாமிமலையில் செப்புத் திருமேனிகளை வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தின்மேல் பூசுவதும் காவிரியின் வண்டல் மண்தான். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் இந்த ஆற்று மண்ணே அச்சாகிறது. ஆகவே நாம் கோயிலில் வணங்கும் திருமேனியின் கண்ணிலும் மூக்கிலும் தெரியும் நுண்மையில் ஒரு பங்கு இந்த மண்ணுக்கு உரியது.

இனித் தட்பவெப்பம். எங்கள் நாட்டுக்கு இரண்டு பருவமழைகளின் பயனும் உண்டு. ஆனால் அவை வரும் வழி வேறு. தென்மேற்குப் பருவமழை எங்கள் தலைமேல் மிகுதியாகப் பெய்வதில்லை. அது குடகு மலையில் பெய்து ஆறாக வருகிறது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்த பிறகு அந்த நீரைத் தேக்கி வைத்து, ஜூன் 12ஆம் நாள் திறந்துவிடுவது மரபாயிற்று. அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போவதும், குறுவை கைவிட்டுப் போவதும் உண்டு. பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானத்திலிருந்தே நேராக இறங்குகிறது. ஆண்டு முழுவதும் பெய்வது ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடும்.

இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜும் எங்கள் ஊரைப் போலவே சமவெளியில், கேம் என்னும் சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை எங்கள் மழையில் பாதி அளவுதான். அதுவும் மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தூறும். 2019ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் கேம்பிரிட்ஜின் தாவரவியல் தோட்டத்தில் வெப்பம் 38.7 டிகிரி செல்சியசை எட்டிற்று. அந்நாட்டில் அதுவரை பதிவான வெப்பங்களில் அதுவே மிக உயர்ந்தது என்று உலகெங்கும் செய்தி பரவியது. எங்கள் ஊரிலோ சித்திரை, வைகாசியில் அத்தகைய வெயில் அடித்தால் யாரும் செய்தி என்று சொல்லமாட்டார்கள், பானகம் கரைப்பார்கள்.

தட்பவெப்பம் என்பது அட்டவணையில் உள்ள எண் மட்டும் அன்று. அது உடம்பில் ஏறிய பழக்கம். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். இரவில் மேலங்கியும் சால்வையும் அணிந்தும் குளிர் தாங்கவில்லை என்று, அங்கே பயின்றுகொண்டிருந்த மகலனோபிஸ் என்னும் நண்பரிடம் சொன்னார். நண்பர் அறைக்குச் சென்று பார்த்தார். படுக்கையில் கம்பளிகள் பல இருந்தன. அவற்றை மெத்தையோடு சேர்த்து மடித்துச் செருகி, மேலே ஒரு விரிப்புப் போட்டிருந்தார்கள். கம்பளிகளுக்குள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே படுத்து இரவெல்லாம் நடுங்கியிருக்கிறார். திண்ணையில் பாய் விரித்துப் படுக்கும் நாட்டில் பிறந்தவருக்கு அந்தப் படுக்கை எப்படிப் புரியும்? எண்களின் மறைபொருளை எல்லாம் கண்ட அறிவுக்கும் ஓர் ஊரின் குளிரைத் தனியே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவதாக மக்களைப் பற்றிச் சொல்கிறேன். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கும்பகோணத்தின் மக்கள் தொகை 59,623. 2011இல் ஏறத்தாழ 1,40,000. 2001ஆம் ஆண்டிலும் ஏறத்தாழ அதே எண்தான். பத்து ஆண்டுகளில் ஊர் வளரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வளர்ந்தது, ஆனால் நகராட்சியின் எல்லைக்கு உள்ளே வீடு கட்ட இடம் இல்லாமையால் எல்லைக்கு வெளியே வளர்ந்தது. 2021இல் ஊர் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது தாராசுரமும் அண்டை ஊராட்சிகளும் அதனோடு சேர்ந்தன.

கேம்பிரிட்ஜின் மக்கள் தொகை 2021இல் ஏறத்தாழ 1,45,000. எண்ணிக்கை அளவில் இரண்டும் ஏறக்குறைய சமமான ஊர்களே. ஆனால் கேம்பிரிட்ஜ் 40 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் பரந்து கிடக்கிறது. கும்பகோணம் பழைய நகராட்சியின் பரப்பு பன்னிரண்டரைச் சதுரக் கிலோமீட்டர் அளவே. அங்கே ஒருவர் இருக்கும் இடத்தில் இங்கே மூவர் இருக்கிறோம். அங்கு ஆண்டு முழுவதும் தூறும் மழையைப் போல் இருமடங்கு மழை இங்கே, அதிலும் பெரும்பகுதி மூன்றே மாதத்தில் பெய்கிறது. நிலமோ சரிவில்லாத நிலம். இம்மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பெய்த நீர் எங்கே போகும்?

இந்தக் கேள்விக்கு விடை தவறினால் என்ன நேரும் என்பதை எங்கள் ஊர் நெடுங்காலம் தன் காலிலேயே சுமந்தது. யானைக்கால் நோய்க்குக் கும்பகோணம் பேர்போனது. பிற ஊரார் அதைச் சொல்லி எங்களைக் கேலி செய்வதும் உண்டு. அந்நோயின் புழுவைக் கொசு சுமக்கிறது என்பதை 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். தேங்கிய சாக்கடை நீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசுவே நம் நாட்டில் அதைப் பரப்புவது. சரிவில்லாத சமவெளி, நெருங்கிய வீடுகள், திறந்த சாக்கடை ஆகிய மூன்றும் கூடினால் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? 1955இல் இந்திய அரசு யானைக்கால் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மருந்து பெரும் பயன் தந்தது. ஆனால் சாக்கடை ஓடாத தெருவுக்கு மருந்து மட்டும் போதாது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். ஊரெங்கும் குளங்களை வெட்டினார்கள். ஆற்றிலிருந்து குளத்திற்கும், குளத்திலிருந்து வயலுக்கும் வாய்க்கால் அமைத்தார்கள். நான் மாணவனாக இருந்த காலத்தில் ஓர் ஐப்பசி மாதம் அடைமழை பெய்தது. நான் தங்கியிருந்த தெருவில் மூன்று நாள் முழங்கால் அளவு நீர் நின்றது. எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, இந்தத் தண்ணீர் எப்போது வடியும்?” என்று கேட்டேன். அவர் தெருக்கோடியைக் கைகாட்டி, “தம்பி, அங்கே ஒரு வாய்க்கால் ஓடிற்று. அதில் நான் கப்பல் விட்டிருக்கிறேன். இப்போது அதன்மேல் நாலு கடைகள் நிற்கின்றன. தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு நிற்கிறது” என்றார். புவியியல் வகுப்பில் படித்ததைவிட அந்த விடை என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

மக்கள் தொகை என்னும்போது, கணக்கெடுப்பில் சேராத மக்களையும் எண்ணவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாமகத்தின்போது, ஊரின் மக்கள் தொகையைப் போல் பல மடங்கினர் வந்து கூடுகின்றனர். அவர்கள் நாடி வருவது ஏறத்தாழ ஆறு ஏக்கர் பரப்புள்ள ஒரே குளம். 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அக்குளக்கரையில் நேர்ந்த நெரிசலில் ஐம்பது பேரளவில் மாண்டனர். இத்தனை இடத்தில் இத்தனை பேர்தான் நிற்க முடியும் என்ற சிறிய கணக்கு உயிர் காக்கும் கணக்கு என்பதை அன்று எல்லோரும் உணர்ந்தோம். 2004, 2016 ஆகிய ஆண்டுகளின் மகாமகங்கள் அந்தப் பாடத்தை மனத்தில் வைத்தே நடத்தப்பட்டன. அடுத்தது 2028இல் வருகிறது.

நண்பர்களே, எங்கள் ஊர் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்தானா? கல்வியின் பெருமையால் அப்பெயர் பொருந்தும். நிலமும் வானமும் மக்கள் நெருக்கமும் வேறு. ஆகவே அந்த ஊருக்கு ஏற்ற திட்டம் இந்த ஊருக்கு ஏற்காது. கும்பகோணத்தைக் கும்பகோணமாகவே அறிந்துகொள்ள வேண்டும். இது ஒவ்வோர் ஊருக்கும் பொருந்தும்.

உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். அடுத்த மழை விட்டவுடன் குடையை மடித்து வைத்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள். உங்கள் வீட்டு வாசலில் ஓடும் நீர் எந்தத் திசையில் செல்கிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நின்ற இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அத்தெருவில் உள்ள மூத்தவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். உங்கள் ஊரின் புவியியல் நூலுக்கு அதுவே முதற்பக்கம். அதை எழுத வல்லவர் உங்களைத் தவிர வேறு எவரும் இல்லை.