நேரில் கேட்கச் சொன்ன தீர்ப்பு



தாலுகா ஆபீசில் மனு கொடுக்கிறோம். சில நாள் கழித்து ‘தள்ளுபடி’ என்று ஒரு தாள் வருகிறது. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. வயிறு எரியும். பட்டா மனுவுக்கே இப்படி என்றால், உயிருக்குப் பயந்து தஞ்சம் கேட்டவர் கதி என்ன?

கனடா நாட்டில் ஏழு பேர் தஞ்சம் கேட்டார்கள். பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து போன சீக்கியர்கள். திரும்பிப் போனால் கொடுமைக்கு ஆளாவோம் என்றார்கள்.

அன்றைய முறை இதுதான். ஓர் அதிகாரி சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பார். கேள்வியும் பதிலும் எழுதப்படும். அந்தக் காகிதம் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போகும். அங்கே ஒரு குழு அதைப் படித்து அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும். அமைச்சர் முடிவு செய்வார். முடிவு செய்கிறவர் மனுதாரர் முகத்தைப் பார்ப்பதில்லை. எந்தத் தகவலை நம்பி மறுத்தார்கள் என்பதும் மனுதாரருக்குத் தெரியாது. தெரியாத குற்றச்சாட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது?

அப்பீல் உண்டு. ஆனால் அப்பீல் வாரியமும் முதலில் காகிதத்தைத்தான் பார்க்கும். ஜெயிக்கக்கூடிய வழக்கு என்று தோன்றினால்தான் நேரில் கூப்பிடும். நீந்திக் காட்டினால்தான் தண்ணீரில் இறங்க விடுவேன் என்பது போல!

ஏழு பேருக்கும் மறுப்பு வந்தது. வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985 ஏப்ரல் 4இல் தீர்ப்பு. ஆறு நீதிபதிகளும் மனுதாரர் பக்கமே நின்றார்கள். ஆனால் காரணம் இரண்டு. மூன்று பேர் பழைய உரிமைச் சட்டத்தைக் காட்டினார்கள். மற்ற மூவர் சார்பில் எழுதியவர் பெர்தா வில்சன் என்ற பெண் நீதிபதி. அவர் 1982இல் வந்த உரிமைப் பட்டயத்தை எடுத்தார். அதில் உயிர், சுதந்திரம், பாதுகாப்பு ‘எல்லோருக்கும்’ என்று இருக்கிறது. அந்த ஒரு சொல் போதும். குடிமகனுக்கு என்று எழுதவில்லையே! கனடா மண்ணில் நிற்கிற எவரும் ‘எல்லோரில்’ சேர்ந்தவர்தான் என்றார். ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்பதே கேள்வியானால் நேரில் கேட்டாக வேண்டும் என்றும் எழுதினார். செலவும் வேலையும் கூடும் என்பதை ஒரு காரணமாக அவர் ஏற்கவில்லை.

தீர்ப்பு அந்த ஏழு பேருக்கும் தஞ்சம் கொடுத்துவிடவில்லை. மறுபடி முறையாக விசாரிக்கச் சொன்னது, அவ்வளவுதான்.

1989 ஜனவரி 1இல் அகதி மனுக்களை விசாரிக்கத் தனி வாரியம் வந்தது. பின்னாளில் இலங்கைத் தமிழர் பலர் அதன் முன்னால் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை.

படிவத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். வேறு ஒருவர் எழுதிக் கொடுத்தாலும், முழுவதையும் தெரிந்த மொழியில் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் தை மாதம், வாயில் மாசி மாதம் என்று வந்தால், எது சரி என்றுதான் விசாரிப்பவர் முதலில் கேட்பார்.