வான் பாயும் குளம்

தை மாதத்தில் எமது உயர்தர வகுப்பு மாணவரைக் கட்டுக்கரைக்குளத்துக்கு அழைத்துச் செல்வதென்று தீர்மானித்தோம். மன்னார்த் தீவில் வளர்ந்த பிள்ளைகள் கடலை அறிவார்கள், குளத்தை அறியார்கள். ஒழுங்குகளைப் பேச நான்கு மாணவர் என் வீட்டுக்கு வந்திருந்தனர். சோற்றுப் பார்சல், ஒலிபெருக்கி, குளிப்பு என்று பட்டியல் நீண்டது.

திண்ணையிலிருந்த என் தாயார் கேட்டார்: "தம்பியவை, இப்ப வான் பாயுதோ?"

"வான் காணாது ஆச்சி, பஸ் பிடிக்கிறம்" என்றான் ஒருவன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

குளம் நிறைந்து மேலதிக நீர் வழியும் இடத்தையே வான் என்கிறோம். வயலுக்கு நீர் விடும் மடை துருசு. நீர் மோதும் கரையோரம் அலைகரை. மறுநாள் இம்மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். பொருள் சொன்னவர் இருவரே. தமிழ் படிப்பிக்கும் நானும் அவற்றை வகுப்பில் சொன்னது அன்றுதான் முதற்தடவை.

கட்டுக்கரை, அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால்வழி கொண்டுவரும் நீரால் நிறைவது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்தான் என்பது மரபு. 2016, 2017ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் நிகழ்ந்த அகழ்வில், அங்கு வாழ்ந்த பண்டை மக்களின் சுடுமண் உருவங்கள் கிடைத்தன. இன்றும் முருங்கன், நானாட்டான் வயல்களின் காலபோகம் இக்குளத்தை நம்பியே விளைகிறது. அவ்வயல்களில் அருவி வெட்டியவர் என் தாயார். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபின் அந்தக் குளக்கட்டில் அவர் கால்வைக்கவில்லை. ஊரை விட்டவர்களோடு ஊரின் சொற்களும் இடம்பெயர்ந்துவிட்டன. வாழ்ந்த இடத்தைக் காணாத சொல், சொன்னவரோடு போய்விடும்.

ஆகவே பயணத்திட்டத்தை மாற்றினோம். விடியற்காலையில் புறப்பட்டு, தீவைத் தரையோடு இணைக்கும் பாலத்தருகே சற்று நிற்போம். அப்பால் விரியும் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மாரியில் வந்திறங்கும் பூநாரைகளைக் காணும்போது, நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவரை மாணவருக்கு நான் விளக்கவேண்டியிராது. அடுத்து, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதீச்சரத்தின் பாலாவிக்கரை. பின்னர் தேக்கம். நீர் வரும் வழியைக் கண்டபின்பே குளம்.

கட்டுக்கரையும் 1954 முதல் சரணாலயம். ஆதலால் ஒலிபெருக்கி வேண்டாம். துருசடியில் நீர் இழுக்கும். ஆதலால் குளிப்பும் வேண்டாம். கொண்டுபோகும் பொலித்தீன் முழுவதும் எம்மோடு திரும்பும். முகம் சுளித்த மாணவரும் ஒரு நிபந்தனை வைத்தனர்: "ஆச்சியும் வரவேணும்."

பஸ்ஸின் முன்னாசனம் அம்மாவுக்கு. குளக்கட்டில் அன்று பாடம் நடத்துபவர் அவரே. நான் கொப்பியும் பேனையுமாக மாணவரோடு இருப்பேன்.

"வான் பாயாட்டில்?" என்று கேட்டேன்.

"பாயாட்டிலும் குளம் குளந்தானே" என்றார்.

வரும் சனிக்கிழமை புறப்படுகிறோம். நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். அவருக்கும் ஒரு முன்னாசனம் ஒதுக்குங்கள்.