வடிகாலின் வாயும் வயிறும்



வேலூரிலோ ஆம்பூரிலோ சாயங்காலம் ஓர் இடிமழை கொட்டினால் போதும், "கால்வாய் சின்னது சார், பெரிசா கட்டணும்" என்பார்கள். கட்டலாம். ஆனால் வயிறு எவ்வளவு பெரிசானாலும் சோறு வாய் வழியாகத்தானே போகணும்? சாலையோர இரும்புச் சல்லடைதான் வடிகாலின் வாய்.

பள்ளமான இடத்தில் 10 செ.மீ. தண்ணீர் நின்று சல்லடை விளிம்பு வழியாக வடிகிறது என்று வையுங்கள். விளிம்பில் பாதி அடைபட்டால், அதே அளவு தண்ணீர் உள்ளே போக சுமார் 16 செ.மீ. நிற்க வேண்டும். நடைபாதை ஓரக்கல்லோ பெரும்பாலும் 15 செ.மீ.தான்! அடுத்தது கடைக்குள்ளேதான். சல்லடை நன்றாக முழுகிவிட்டால் கணக்கு இன்னும் மோசம். திறப்பு பாதியானால் ஆழம் 4 மடங்கு வேண்டும். ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அந்த வர்க்கமூலம் செய்கிற வேலை இது.

இலை, தழை எல்லா ஊரிலும் உண்டு. நம்ம ஊரில் கூடவே தோல் துண்டு. நனைந்த தோலும் பிளாஸ்டிக் பையும் சல்லடை மேல் மூடி போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். 2019 ஜனவரி 1 முதல் அந்தப் பைக்குத் தடை. சல்லடைக்கு அது தெரியுமா?

தண்ணீர் வடியாவிட்டால் மக்கள் மூடியை நெம்பித் திறக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 29 அன்று மும்பை வெள்ளத்தில், அப்படித் திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து பிரபல மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். அடைப்பு சின்ன விஷயமில்லை.

குப்பையை உள்ளே தள்ளிவிடுவதும் தீர்வல்ல. அது கடைசியில் பாலாற்றுக்குத்தான் போகும். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996-ல் உச்சநீதிமன்றமே தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது.

நாளைய பொறியாளர்களே, சல்லடை பாதி அடைபடும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். ஓரக்கல்லில் பக்கவாய் ஒன்றும் சேர்த்து வையுங்கள். மேலே அடைத்தாலும் பக்கத்தில் வடியும். பள்ளத்தில் ஒரே வாயை நம்பாதீர்கள். மழைக்கு முன்பே வாரச் சொல்லுங்கள். வாரிய சகதியை ஓரத்திலேயே குவித்தால், அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்விடும்.

ஐப்பசி மழைக்கு முன்னால், உங்கள் தெருவில் எத்தனை வாய் திறந்திருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.