மோட்டார் வண்டியும் மூட எண்ணமும்



மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச மெக்கானிக் அல்லவா வர வேண்டும், இவர்களுக்கு அதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வண்டியின் ஆணியையும் திருகையும் பற்றிப் பேச நாம் வரவில்லை. மனிதன் செய்துகொண்ட ஒரு ஏற்பாடு எப்படி இயற்கை என்று பெயர் வாங்குகிறது, பிறகு அது எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

மோட்டார் என்றால் பெட்ரோலில்தான் ஓட வேண்டும் என்று நம்மில் அநேகர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். இது சரியா? 1900-ம் வருஷ வாக்கில் அமெரிக்க நகரத் தெருக்களில் நீராவி வண்டி, பெட்ரோல் வண்டி, மின்சார வண்டி ஆகிய மூன்றும் ஓடின. பெட்ரோல் வண்டியை இரும்புக் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்ப வேண்டும். சமயத்தில் அது திருப்பி அடித்துக் கையை முறித்துவிடும். மின்சார வண்டிக்கு அந்தத் தொல்லையில்லை. ஆனால் 1908-ல் போர்டு கம்பெனி மாடல் டி வண்டியைக் கொண்டு வந்து, நாளடைவில் அதன் விலையை வெகுவாகக் குறைத்தது. 1912-ல் காடிலாக் வண்டியில் எஞ்சினைத் தானே கிளப்பும் கருவி வந்தது. அந்தக் கருவி என்ன தெரியுமா? ஒரு மின்சார மோட்டார்தான்! ஆகவே பெட்ரோல் ஜெயித்தது விலையாலும் சௌகரியத்தாலுமே அல்லாமல் எந்த விதியினாலும் அல்ல.

நிற்க, நார்வே தேசத்தைப் பாருங்கள். அது வட ஐரோப்பாவில் உள்ள பனி நாடு. கடலுக்கடியிலிருந்து எண்ணெய் எடுத்து விற்றுப் பணம் சேர்த்த நாடு. அங்கே 2024-ல் விற்ற புதுக் கார்களில் 100-க்கு 89 மின்சார வண்டிகள். 2025-ல் அது 95-க்கு மேல் போய்விட்டது. எண்ணெய் விற்கிறவனே எண்ணெய் வண்டியை விட்டுவிட்டான் என்றால் அதற்குக் காரணம் என்ன?

அந்நாட்டு ஜனங்கள் ஒரே இரவில் மகான்களாகிவிடவில்லை. 1989-ல் ஆ-ஹா என்னும் இசைக் கோஷ்டியைச் சேர்ந்த இருவரும், பெல்லோனா என்னும் சங்கத்தின் தலைவரும், மின்சாரத்தில் ஓடும்படி மாற்றிய ஒரு சிறு பியட் வண்டியைக் கொண்டு வந்து, சாலைச் சுங்கம் கொடுக்க மறுத்து ஓட்டினார்கள். சர்க்கார் வண்டியைப் பிடித்து ஏலம் போட்டது. அவர்களே அதை ஏலத்தில் எடுத்து மறுபடியும் ஓட்டினார்கள்! பலர் சிரித்திருப்பார்கள். ஆனால் சர்க்கார் 1990-ல் மின்சார வண்டிக்குப் பதிவு வரியைத் தள்ளிற்று. 1997-ல் சுங்கத்தைத் தள்ளிற்று. 2001-ல் மதிப்புக் கூட்டு வரியையும் தள்ளிற்று. பெட்ரோல் வண்டியைத் தடை செய்யவில்லை. அதன் மேல் கனத்த வரியை வைத்திருந்தது. சட்டம் மாறியது, கணக்கு மாறியது, ஜனங்களும் மாறினார்கள்.

"குளிரில் பாட்டரி வேலை செய்யாதே" என்றார்கள். குளிரில் ஒரு தடவை ஏற்றிய மின்சாரத்தில் ஓடும் தூரம் குறைகிறது என்பது மெய். ஆனால் அந்தப் பனியில் குடியிருக்கிறவர்களே அதை வாங்கி ஓட்டும்போது, ஓட்டிப் பாராதவன் பேச்சுக்கு என்ன மதிப்பு? "மின்சாரம் நிலக்கரியில் வருகிறதே" என்பது நியாயமான கேள்வி. நார்வேக்குப் பெரும்பாலும் நீர்ச்சக்தியால் மின்சாரம் கிடைக்கிறது. நம் தேசத்திலோ பெரும்பகுதி நிலக்கரியால்தான். எனினும் பெட்ரோலில் உள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. மற்றதெல்லாம் வீண் சூடு. மின்சார வண்டியிலோ பாட்டரியில் உள்ளதில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போகிறது.

இதனால் நார்வேக்காரர்களை நாம் புகழ்ந்து கொண்டாடிவிடவும் வேண்டாம். தன் வீட்டில் புகை வேண்டாம் என்கிறவர்கள் பிற நாட்டுக்கு எண்ணெயை இன்றும் விற்றுக் கொண்டுதான் இருக்கிறார்கள். வரிச் சலுகையின் பலன் கார் வாங்கப் பணமுள்ளவனுக்கே போயிற்று. பஸ்ஸில் போகிறவனுக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வி அங்கேயே எழுந்து, 2023-ல் 5 லட்சம் குரோனுக்கு மேற்பட்ட விலைக்கு வரி போட ஆரம்பித்தார்கள். அன்றியும் பல பாட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட் என்னும் உலோகம் பெரும்பாலும் காங்கோ தேசத்திலிருந்து வருகிறது. அங்கே சில குழிகளில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் மண் சுமக்கிறார்கள். புகையில்லாத வண்டிக்குள் அந்தப் பிள்ளையின் வியர்வை இருக்குமானால் அதைச் சுத்தமான வண்டி என்று எப்படிச் சொல்லுவது?

ஆகவே தோழர்களே, பெட்ரோலைக் கும்பிட்ட கையால் பாட்டரியைக் கும்பிட வேண்டாம். இரண்டும் மனிதன் செய்த சாமான். எது நல்லது, யாருக்கு நல்லது, யார் தலையில் செலவு விழுகிறது என்று கேளுங்கள். "வெகு காலமாய் இப்படித்தான்" என்பவனையும் நம்பாதீர்கள். "புதிது, ஆகையால் நல்லது" என்பவனையும் நம்பாதீர்கள். நாம் சொன்னோம் என்பதற்காகவும் ஒப்புக்கொள்ளாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.