காணாத இடத்திலும் சட்டம்



அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலே, நியூடவுன் என்னும் ஊரின் ஆரம்பப் பாடசாலையொன்றில், 2012 டிசெம்பர் 14ஆம் நாள் 20 பிள்ளைகளும் 6 பெரியோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைஞன் 30 ரவை கொள்ளும் ரவைக்கூடுகளைப் பயன்படுத்தினான்.

2013இல் அம்மாநிலம் 10 ரவைக்கு மேற்பட்ட கூடுகளின் விற்பனையைத் தடைசெய்தது. முன்னரே வைத்திருந்தோர் 2014 ஜனவரி முதலாம் நாளுக்குள் அவற்றை அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்றும் விதித்தது.

துப்பாக்கிக்குத் தொடரிலக்கம் உண்டு. ரவைக்கூட்டுக்குப் பெரும்பாலும் இல்லை. எவர் வீட்டில் எத்தனை உண்டென அரசு எங்ஙனம் அறியும்? ஆயினும் 2013இன் இறுதி நாளிலே மக்கள் வரிசையில் நின்று பதிந்தனர். அச்சட்டத்தை மனமொப்பாதோரும் நின்றனர்.

மேற்பார்வையாளர் அகன்ற பரீட்சை மண்டபத்திலும் அயலவன் விடையை நோக்காத மாணவனை யான் கண்டிருக்கிறேன். சட்டத்துக்கு உயிரளிப்பவர் அத்தகையோரே.