எட்டுக்கால் பூச்சி பிழையான சொல்லா?

(எமது தமிழ் வகுப்பின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் தமிழறிஞன் அல்ல. ஏ.எல். உடன் படிப்பை விட்டு, இங்கே ஜேர்மனியில் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். ஆனாலும் எங்கட பிள்ளைகள் கேட்கிற ஒரு கேள்வியைப் பற்றிக் கதைக்க விரும்புகிறேன்.

"அப்பா, பூச்சிக்கு ஆறு கால்தான் எண்டு பள்ளிக்கூடத்தில சொன்னவை. சிலந்தி பூச்சி இல்லையாம். பிறகேன் தமிழில எட்டுக்கால் பூச்சி எண்டு சொல்லுறீங்கள்? தமிழ் பிழையோ?"

"சும்மா இரு" என்று வாயை அடைத்தால், தமிழ் பிழையான மொழி என்றே அந்தப் பிள்ளை முடிவெடுத்துவிடும். பிறகு பத்து வகுப்பு வைத்தாலும் அந்த எண்ணம் போகாது.

தமிழ் பிழையில்லை. ஆறு கால் என்பது விஞ்ஞானம் வகுத்த கணக்கு. ஊர்ச்சொல்லான பூச்சி அதைவிட விரிந்தது. வயிற்றில் இருக்கிற புழுவையும் பூச்சி என்கிறோம். அதுக்குக் காலே இல்லை! ஜேர்மன்காரரும் திமிங்கிலத்தை 'வால்ஃபிஷ்' என்றும் கணவாயை 'டின்டன்ஃபிஷ்' என்றும் சொல்கிறார்கள். இரண்டும் மீன் இல்லை. அதற்காக ஜேர்மன் மொழி பிழை என்று யாரும் சொல்வதில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், விளங்கிக்கொள்ளும்.

சிலந்தி என்ற சொல்லையும் பாருங்கள். பழைய நூல்களில் அது சிலம்பி. சிலந்தி என்றால் கட்டி, புண் என்றும் ஒரு பொருள் உண்டு. 'நரம்புச் சிலந்தி' என்ற நோய்க்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. அது குடிதண்ணீரால் வந்து, காலில் புண்ணாகி, நூல் போலப் புழு வெளியே வருகிற நோய். இந்தியாவில் அது ஒழிந்துவிட்டதென 2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. திருவானைக்காவில் சிவலிங்கத்துக்கு நிழலாக வலை பின்னிய சிலந்தி கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்தது என்ற கதை உங்களுக்குத் தெரியும்.

ஜேர்மன் மொழியிலோ 'ஷ்பின்ன' என்றால் நூல் நூற்பது என்று அர்த்தம் வரும். ஆனால் வேலையிடத்தில் "டூ ஷ்பின்ஸ்ட்" என்று ஒருவர் சொன்னால், நீ நூல் நூற்கிறாய் என்று எடுத்துக்கொள்ளாதேங்கோ. "உனக்கென்ன விசரோ" என்றுதான் கேட்கிறார்!

எங்கட மண்ணிலும் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. ஊரில் புலிமுகச் சிலந்தி என்போமே, அந்த வகையில் ஒன்று 2009இல் மாங்குளத்தில் கண்டெடுக்கப்பட்டது. விரித்த கால்களோடு அளந்தால் சுமார் 20 சென்ரிமீற்றர். 2012இன் கடைசியில் அது புதிய இனம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். வன்னி என்றால் யுத்தம் மட்டுமே என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லவேணும்.

கடைசியாக ஒரு முக்கியமான விசயம். எட்டுக்கால் உள்ளவை சிலந்தி மட்டுமில்லை. தேளும் உண்ணியும் அந்தக் கூட்டம்தான். ஊரில் மாட்டிலும் நாயிலும் ஒட்டுகிற உண்ணியைத்தான் இங்கே 'செக்க' என்கிறார்கள். பிள்ளை காட்டுக்குப் போய்வந்து "செக்க கடிச்சது" என்றால், ஏதோ பூச்சி கடித்தது என்று விட்டுவிடாதேங்கோ. இங்கத்தைய உண்ணியால் பொரேலியோசா என்ற நோய் வரலாம். தென் ஜேர்மனியில் பெரும்பாலான இடங்களில் மூளைக்காய்ச்சலும் வரலாம். அந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. எண்ணெய் பூசாமல், தோலோடு ஒட்டப் பிடித்து மெல்ல இழுத்து எடுக்கவேணும். பிறகு வரும் கிழமைகளில் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் விரிந்தால் அல்லது காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியரிடம் போகவேணும். அங்கே பூச்சி என்று சொல்லாமல் 'செக்க' என்றே சொல்லுங்கள். பிள்ளைக்கு ஜேர்மன் சொல் தெரியும், உங்களுக்குத் தமிழ்ச் சொல் தெரியும். இரண்டு பேரும் இரண்டையும் அறிந்தால்தான் ஆபத்து நேரத்தில் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ளலாம்.

ஆகவே பிறக்கும் புத்தாண்டில், பிள்ளைகள் கேட்கிற ஒரு சொல்லுக்காவது உட்கார்ந்து பதில் சொல்லுவோம். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம்.